நாங்கள் அனுப்பிய துணிகள்

பொன்னாடை போர்த்திக்கொள்ளக் குனிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அதுவரை யாரும் எனக்குப் போர்த்தியதில்லை. எங்கள் மன்றத் தலைவர் என்னைவிடக் குள்ளம். அவர் எக்கி எக்கிப் பார்த்தார். நான் விளக்குக் கம்பம் மாதிரி நின்றேன். கூட்டம் சிரித்தது. அப்புறம் புரிந்து குனிந்தேன். சரிகை கழுத்தில் குத்தியது.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் ஓர் உணவகத்தின் மாடி அது. மன்றத்தின் ஆண்டு விருந்து. கீழ்த்தளத்திலிருந்து மீன்தலைக் கறி வாசம் படியேறி வந்துகொண்டிருந்தது. குளிரூட்டியை யாரோ அளவுக்கு மீறி வைத்திருந்தார்கள். பெண்கள் முந்தானையால் தோளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்மா அக்கா இல்லேன்னா ஒரு கன்டெய்னர் நிறைய துணி போயிருக்குமா? கை தட்டுங்க லா," என்றார் தலைவர் மைக்கில்.

தட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அடுத்து வீடியோ அழைப்பு. தஞ்சைப் பக்கம் புயல் அடித்த ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் நேரலையில் வந்து எங்களுக்கு நன்றி சொல்வார். அந்த ஏற்பாடும் என்னுடையதுதான். பேச வேண்டியவர் கலியமூர்த்தி. என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த கோமதியின் அப்பா.

கோமதி இரண்டாவது மேசையில் இருந்தாள். வேலையிடத்திலிருந்து நேராக வந்தவள் போல, பேண்ட், முழுக்கைச் சட்டை. நான் மேடையிலிருந்து கையசைத்தேன். அவள் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் வெளிச்சம் வந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, மெலிந்த முகம். அவர் பின்னால் வானம் மட்டும் தெரிந்தது. தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் பின்னால் அவ்வளவு வானம் தெரியக்கூடாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மேல்மாடி கோமதி

தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக் கட்டி முடித்த நாளிலிருந்து நாங்கள் அங்கேதான் இருக்கிறோம். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் கணவருக்கு டாக்சி. நாளெல்லாம் வீட்டில் நானும் வானொலியும்தான்.

கோமதி வந்தபோது அவள் மகள் யாழினிக்குத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பு. கோமதியின் கணவர் கப்பலில் பொறியாளர். வந்தால் ஒரு மாதம் இருப்பார், போனால் பல மாதம் வரமாட்டார். கோமதிக்குப் பக்கத்திலேயே ஒரு நிறுவனத்தில் கணினி வேலை. பள்ளி முடிந்து பிள்ளை எங்கே போவது என்று அவள் தவித்துக்கொண்டிருந்ததை மின்தூக்கியில் பார்த்து, "நம்ம வீட்டுல இருக்கட்டும்," என்று நானே சொன்னேன்.

காசு வேண்டாம் என்றேன். பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது, வாங்கியிருந்தால் எங்கள் இருவருக்குமே நல்லதாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இங்கே பிறந்து வளர்ந்த நாங்கள், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களை 'ஊர்க்காரங்க' என்போம். அந்தச் சொல்லில் எவ்வளவு அன்பு, எவ்வளவு ஏளனம் என்பது சொல்கிறவரின் குரலைப் பொறுத்தது. என் குரலில் இரண்டும் இருந்தன. கோமதிக்கு நான் வழி சொல்வேன். எந்தக் கடையில் மீன் வாங்குவது, பள்ளியில் யாரிடம் எப்படிப் பேசுவது, மருந்தகத்தில் எந்த வரிசை. அவள் எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்பாள். அந்த "சரிக்கா" எனக்குப் பிடித்திருந்தது.

மரம்தானே

புயல் கரை கடந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். கோமதி இரவெல்லாம் தூங்காத கண்ணோடு, தலை சீவாமல் நின்றாள்.

"பிள்ளையெல்லாம் போயிருச்சுக்கா. ஒண்ணு மிச்சமில்ல."

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். "யாரோட பிள்ளைங்க? உங்க அண்ணனோடதா?"

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "தென்னம்பிள்ளைக்கா. எங்க தோப்பு. அப்பா போன்ல அழுறாரு. அவர் அழுது நான் பார்த்ததே இல்ல."

அவள் ஊரில் தென்னையைப் பிள்ளை என்றுதான் சொல்வார்களாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் வாய் முந்திக்கொண்டது.

"அட, மரம்தானே. நான் என்னமோன்னு பயந்துட்டேன் லா."

கோமதி நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, யாழினியைப் பள்ளிக்குக் கிளப்ப மேலே போனாள்.

நமக்குத் தெரிந்த காற்று

இங்கே நமக்குத் தெரிந்த காற்று சுமத்ரா காற்றுதான். விடியற்காலையில் மேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வரும். சன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும், மூங்கில் கழியில் காயப்போட்ட துணி கீழ்வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும். எங்கேயாவது ஒரு பெரிய மரம் விழும். பகல் சாப்பாட்டுக்குள் அதை ஆட்கள் வந்து துண்டு துண்டாக அறுத்து, லாரியில் ஏற்றி, இடத்தைக் கூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாலையில் நடக்கப் போனால் அங்கே ஒரு மரம் இருந்ததே மறந்துபோகும்.

பக்கத்து நாட்டுக் காடுகள் எரிந்து புகைமூட்டம் வரும்போது சன்னலைச் சாத்திக்கொள்வோம், முகக்கவசம் வாங்குவோம், புகை எப்போது போகும் என்று கேட்போம். அங்கே என்ன எரிந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு காற்று வந்து போன பிறகும் அதன் வேலை முடியாது, பல மாதம் கழித்தும் அது விழுந்த மரங்களுக்குள் நடந்துகொண்டிருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கோமதிக்குத் தெரிந்திருந்தது. அவள் சொல்லவும் சொன்னாள்.

"துணி வேணாமேக்கா"

புயல் செய்தி தொலைக்காட்சியில் வந்த அன்று மாலையே மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிவிட்டேன்: கட்டிய துணியோடு நிற்கிறார்கள், நல்ல உள்ளங்கள் உடைகளைக் கொடுத்து உதவலாம். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் யாழினியை அழைத்துப்போக வந்த கோமதி வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அக்கா, குரூப்ல பார்த்தேன். துணி வேணாமேக்கா. அங்க மரம் அறுக்குற மெஷினுக்குத்தான் ஆளாளுக்கு அடிச்சுக்கிறாங்க. விழுந்த மரத்தத் தூளாக்குற மெஷின் ஒண்ணு இருக்கு. அதுக்கு ஏதாவது செய்ய முடியுமான்னு..."

"அதெல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும் லா. கட்டிக்கத் துணி இல்லாம எப்படி இருப்பாங்க?"

"துணி இருக்குக்கா. நனைஞ்சுதான் போச்சு. காயவச்சா சரியாயிரும். மரந்தான் அப்படியே கெடந்தா மக்கி, வண்டு பிடிச்சுரும். ஒத்தக் கொம்பு வண்டு. அது நிக்குற மரத்தையும் விடாது."

"வண்டுக்கு இப்ப என்ன அவசரம்? நீ கூச்சப்படாதே கோமதி. கஷ்டம்னு வந்தா வாங்கிக்கணும்."

அவள் யாழினியின் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரிக்கா," என்றாள்.

வந்து குவிந்தவை

தேக்கா பக்கம் ஒரு கூடத்தை வார இறுதிகளில் எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பைகள் வந்து குவிந்தன. முதல் நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் பைகளைப் பிரித்தோம்.

பட்டன் இல்லாத கால்சட்டைகள். அக்குள் பழுத்த சட்டைகள். நாய் மயிர் ஒட்டிய போர்வை. பனிநாட்டுக்குச் சுற்றுலா போனபோது வாங்கிய தடித்த கம்பளிக் கோட்டுகள். முதுகில்லாத விருந்து கவுன், அதில் பாதி ஜிகினா உதிர்ந்திருந்தது. ஒரு பையில் ஒற்றைச் செருப்பு. இன்னொன்றில் துவைக்காத உள்ளாடைகள். கூடம் முழுக்க அலமாரி அடியில் கிடந்த துணிக்கே உரிய பூஞ்சை வாடை.

கோமதியும் வந்திருந்தாள். நான் கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டாள். ஒரு கம்பளிக் கோட்டைத் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குக் கை வலித்திருக்கும், அவ்வளவு கனம்.

"இத எங்க ஊர்ல யாரு போடுவாக்கா?"

"தலையணைக்குள்ள திணிக்கலாமே," என்றேன்.

அவள் அதை மடித்தாள். கையைச் சரியாக உள்ளே மடக்கி, காலரை நிமிர்த்தி, கடைக்காரர் மடிப்பது போல மடித்து வைத்தாள்.

என் பையும் அங்கே இருந்தது. அதில் என் கணவரின் பழைய சட்டைகள். காலர் நைந்தவை. சமையலறை துடைக்க என்று எடுத்து வைத்திருந்தவற்றைத்தான் பைக்குள் போட்டிருந்தேன். அதை மட்டும் யாரும் பிரிக்குமுன் நானே எடுத்து அட்டைப்பெட்டியின் அடியில் வைத்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

அந்தக் கவுன்

இதில் கொடுமை என்னவென்றால், இது எனக்குப் புதிய விஷயமே இல்லை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குடும்பம் தாழ்வான நிலத்தில், கம்பம் என்கிற ஒரு குடிசைக் கிராமத்தில் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர். பெருமழையில் ஒருமுறை தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு வாத்துகள் எங்கள் சமையல் மேடையில் நின்றன. எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். நன்கொடைத் துணி வந்தது. எனக்கு ஒரு நீலக் கவுன் கிடைத்தது, இடுப்பில் வெள்ளை நாடா வைத்தது.

பள்ளி திறந்த பிறகு ஒரு விசேஷ நாளில் அதைப் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் மெய் லிங் என்றொரு பெண். என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவள், இடுப்பு நாடாவைத் தூக்கி உள்பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு மைக்கறை. அவள் கெட்டவள் இல்லை. "இது என்னோடது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வகுப்பு முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் கவுனைக் கழற்றி வீசினேன். அம்மா அடித்தார். மறுபடியும் அதையேதான் போட வேண்டியிருந்தது, வேறு இல்லை.

இத்தனை வருடம் அந்தக் கவுனை நினைத்தாலே எனக்குக் காது சூடாகும். ஆனால் தேக்காவில் பை பைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவைகூட அது என் நினைவுக்கு வரவில்லை. கொடுக்கிற பக்கம் வந்து நின்றதும் எனக்கு அது அடியோடு மறந்துவிட்டிருந்தது.

கலியமூர்த்தி பேசினார்

விருந்துக்குத் திரும்புகிறேன்.

கன்டெய்னர் போய்ச் சேரவே நெடுநாள் ஆனது. துறைமுகத்தில் வாரக்கணக்கில் கிடந்து, லாரியேறி, கோமதியின் ஊருக்குப் போனது. அதன் பிறகும் மாதங்கள் கழித்துத்தான் இந்த ஆண்டு விருந்து.

"எல்லாருக்கும் வணக்கமுங்க," என்றார் திரையில் கலியமூர்த்தி. "எங்க ஊர மறக்காம நெனச்சீங்க. அதுவே பெரிசு."

கைதட்டல். தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "ஐயா, தோப்பு இப்ப எப்படி இருக்கு? கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவர் கைப்பேசியைத் திருப்பினார்.

மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. கறுத்து, நாராக உரிந்து, இடையிடையே காளான். அவற்றுக்கு நடுவே இடுப்பு உயரத்துக்குப் புதுக் கன்றுகள். கன்றுகளின் ஓலை ஒவ்வொன்றும் கத்தரிக்கோலால் வெட்டிய விசிறி போல இருந்தது.

"கன்னு ஏங்க அப்படி இருக்கு?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"வண்டுங்க. குருத்துக்குள்ள பூந்துரும். ஓலை விரியும்போது இப்படித்தான் வரும். குருத்து அழுகிட்டா கன்னு செத்துரும்."

"மருந்து அடிக்கலாமே?"

"அடிக்கிறோங்க. ஆனா இந்தா, கெடக்குற மரம் மக்க மக்க அதுக்குள்ள முட்ட வச்சுப் பெருகிக்கிட்டே இருக்கு. புயலுக்குத் தப்பிச்சு நின்ன மரமும் இப்ப வண்டுக்குப் போவுது. கிளி, அணில் ஒண்ணும் காணோம். வண்டு மட்டுந்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் ஐயா மரத்த அகற்றாம விட்டீங்க?" தலைவர் அக்கறையோடுதான் கேட்டார்.

கலியமூர்த்தி கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்தது.

"தூளாக்குற மெஷின் முறை வச்சு ஊர் ஊரா வந்துச்சுங்க. எங்க ஊருக்கு வந்த அன்னைக்குத்தான் உங்க லாரியும் வந்துச்சு. லாரிக்காரர் ஒடனே எறக்கணும்னுட்டாரு. பசங்க எல்லாம் அங்க போயிட்டாங்க. எறக்கி, கல்யாண மண்டபத்துல அடுக்கி, பிரிச்சு... மெஷினுக்கு மரம் இழுத்துப் போட ஆளில்ல. அது அடுத்த ஊருக்குப் போயிருச்சு. பரவால்லங்க. அதுக்கென்ன."

அவர் நடந்துகொண்டே பேசினார். கைப்பேசி அவர் கையில் ஆடியது. திரையில் ஒரு வாய்க்கால் கரை வந்தது. கரையோரம் ஒரு மேடு. சிவப்பு, பச்சை, ஊதா. மேட்டின் மேல் ஒரு மாடு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரம் ஏதோ வெயிலில் மினுமினுத்தது.

"அது என்ன கலர் கலரா?" என்றது ஒரு பெண் குரல்.

திரை சட்டென்று திரும்பியது. மறுபடி அவர் முகம். "துணிங்க. மழையில நனைஞ்சுது. காயப் போட்டிருக்கோம்."

காயப்போட்ட துணி எப்படி இருக்கும் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மதகை அடைத்துக்கொண்டு நீருக்குள் பாதி கிடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டோம்.

"ரொம்ப நன்றிங்க, எல்லாருக்கும்," என்று கை கூப்பினார். கைப்பேசியைப் பிடித்தபடியே கூப்பியதால் திரையில் அவருடைய பாதமும் மண்ணும் மட்டும் தெரிந்தன. அழைப்பு நின்றது.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலாம். தலைவர் தொண்டையைக் கனைத்து, "சாப்பாடு ரெடியா இருக்கு," என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. நான் பொன்னாடையை எப்போது எடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உடனே எடுத்தால் நாடகமாகத் தெரியும். எடுக்காவிட்டால் அதைவிடக் கேவலம். அதோடுதான் வரிசையில் நின்றேன், அதோடுதான் சோறு வாங்கினேன். யாரோ என் தட்டில் மீன் வைத்தார்கள். உண்டேன். என்ன ருசி என்று தெரியாது.

இரண்டாவது மேசையில் கோமதி இல்லை.

மின்தூக்கி வாசலில்

மறுநாள் அவள் மாடிக்கே போய் மின்தூக்கி வாசலில் காத்திருந்தேன். இரவெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் அது பறந்துபோய், வேறொன்று வந்தது.

"நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே கோமதி."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வந்து அவள் மேல் பழி போட்டிருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. களைப்பாகப் பார்த்தாள்.

"எப்படிக்கா அழுத்திச் சொல்றது? நீங்க முறைச்சிக்கிட்டா யாழினிய யாரு பாத்துப்பா? அன்னைக்கு உங்க வாசல்ல நின்னுகிட்டு அதத்தான் நெனச்சேன். அப்பாவோட தோப்பா, என் பிள்ளையான்னு. சரிக்கான்னுட்டேன்."

எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நான் ஒருநாளும் அப்படி நினைக்கலயே," என்றேன்.

"உங்களுக்கு நினைக்க வேண்டிய அவசியமே இல்லக்கா," என்றாள். மின்தூக்கி வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் யாழினியைப் பள்ளியிலேயே இருந்த பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தாள். நேரில் வந்து சொல்லிவிட்டுத்தான் சேர்த்தாள். யாழினி என் வீட்டில் விட்டுப்போன வண்ணப் பென்சில்களைத் திருப்பிக் கொடுத்தேன். கதவைச் சாத்திய பிறகு மத்தியானங்கள் மிக நீளமாகிவிட்டன.

பிறகு செய்தது

மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். நாம் அனுப்பியது உதவியில்லை, அவர்களுக்கு இன்னொரு வேலை என்றேன். அந்த மெஷினை வாடகைக்கு எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும், வாய்க்காலில் கிடப்பதை அள்ளவும் ஆள் வைக்க வேண்டும் என்றேன். சிலர் முகம் சுளித்தார்கள். "மரம் அரைக்கிற மெஷினப் படம் பிடிச்சுப் போட்டா யாருக்கு மனசு இளகும், பத்மா?" என்றார் தலைவர். அவர் சொன்னதும் பொய்யில்லை. துணிக்குக் குவிந்த கூட்டம் மெஷினுக்கு வரவில்லை. கணவரும் நானும் அந்த வருட விடுமுறைப் பயணத்தை விட்டோம். இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். ஒருவழியாக மெஷின் போனது.

ஆனால் தாமதமாகப் போனது. முதல் நடவில் பெரும்பாலான கன்றுகள் அதற்குள் செத்துவிட்டன. மறுபடி நட்டார்கள். தென்னை காய்க்க வருடக் கணக்காகும். கலியமூர்த்தியின் வயதுக்கு அந்த இடைவெளி சின்ன விஷயமில்லை. இதையெல்லாம் கோமதி கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்லமாட்டாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பதில்களின் நீளம் கூடியது.

பெரியவர் வந்தார்

அடுத்த பள்ளி விடுமுறையில் கலியமூர்த்தி மகளைப் பார்க்க சிங்கப்பூர் வந்தார். "அப்பா உங்களப் பாக்கணுங்கிறாரு," என்று கோமதி செய்தி அனுப்பினாள்.

நான் வீட்டைத் துடைத்தேன், சமைத்தேன், புடவை மாற்றினேன். என்ன சொல்வது என்று மட்டும் பிடிபடவில்லை. மணி அடித்தது.

வாசலில் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். மேலே வெள்ளைச் சட்டை இல்லை. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில், காலர் இல்லாத டி-ஷர்ட். அதன் தோள் அவருக்குப் பெரிது, கை முழங்கை வரை தொங்கியது. அவருக்குப் பின்னால் கோமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க அனுப்பிச்சதுல இதுதாங்கம்மா எனக்குச் சரியா இருந்துச்சு," என்றார் சந்தோஷமாக. "போட்டுக்கிட்டுப் போனா உங்களுக்கு நல்லாருக்கும்னு எடுத்து வச்சிருந்தேன்."

உள்ளே கூப்பிட்டேன். உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றபடியே, தயார் செய்யாத வார்த்தைகளில் மன்னிப்புக் கேட்டேன். மெஷின், வாய்க்கால், மாடு, எல்லாவற்றுக்கும். அவர் குறுக்கிட்டுக் கையை உயர்த்தினார்.

"விடுங்கம்மா. நாங்களும் வேணாம்னு சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரத்துலேருந்து ஒருத்தர் குடுக்கும்போது எப்படி வேணாங்குறது? அந்தக் கூச்சம் எங்களுக்கு. மெஷின் வந்துச்சுல்ல. இப்ப நட்டது நல்லா எழும்புது."

சாப்பிட்டார். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கை கழுவ எழுந்து போனபோதுதான் அவர் முதுகைப் பார்த்தேன்.

முதுகு முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்துகள். ஏதோ ஒரு கடை இழுத்து மூடும்போது நடந்த மலிவு விற்பனையில் பணியாளர்கள் போட்டுக்கொண்ட சட்டை அது. 'எல்லாம் போயாக வேண்டும்' என்று எழுதியிருந்தது.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"முதுகுல என்னமோ போட்டிருக்கே, என்னம்மா அது? எனக்கு இங்கிலீஷு வராது."

கோமதி தட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"கடையோட பேருங்க ஐயா," என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"கோமதியும் அதான் சொல்லுச்சு."